வெள்ளிக் கிண்ணத்தைத் திருடிய தாத்தா

ஆஸ்டின் டவுன், பெங்களூர்
18 மே 2003

மதிப்பிற்குரிய சம்பந்தி கோதண்டராமன் அவர்களுக்கு ஏகாம்பரம் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் சுகம். நாக்பூரில் உங்கள் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்து, இந்தக் கடிதத்தை நீங்களே படிக்கும்படி ஆண்டவன் அருள வேண்டும்.

முதலில் நல்ல சேதி. பேரன் ஷ்ரேயாஸுக்கு மொட்டை போட்டாயிற்று. முதல் முடி அப்பா வீட்டுக் குலதெய்வத்துக்குத்தான் என்று நீங்கள் கண்டிப்பாகச் சொன்னீர்கள். என் கொள்ளுத்தாத்தாவோ பஞ்சத்தில் பெங்களூர் வந்து சேர்ந்தபோது ஊர்ப் பெயரையும் சாமி பெயரையும் வழியிலேயே தவறவிட்டுவிட்டார், அதை உங்களிடம் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான் 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று தள்ளிப்போட, பையனுக்கு மூன்றரை வயதில் இரட்டைப் பின்னல். எதிர்வீட்டம்மா பெண் குழந்தை என்றே நினைத்து 'பாரம்மா புட்டி' (வாடி சின்னப் பெண்ணே) என்று கன்னடத்தில் கொஞ்சுகிறார், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால் பாவாடைக்கு அளவெடுத்துவிட்டார்கள், ஜூனில் பள்ளிக்கூடம் திறக்கிறது, தினமும் காலையில் சிக்கெடுக்கும் உங்கள் மகள் சௌம்யாவும் அவனும் சேர்ந்து அழுகிறார்கள்.

கடைசியில் ஜீவனஹள்ளியில் என் அத்தை சந்திரம்மாவிடம் போய் உட்கார்ந்தேன். எண்பது தாண்டியவர். வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கிக்கொண்டு, "ஆரணிக்கு அந்தாண்ட, ரெண்டு ஏரிக்கு நடுவுல கோயிலுடா. அம்மனுக்கு எட்டுக் கையி. ஒரு கையி மட்டும் காலி. அதுல இருந்த வெள்ளிக் கிண்ணத்தைத் தூக்கிக்கினுதான் தாத்தா ஊரை வுட்டு ஓடியாந்தாரு" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இத்தினி வருசமா ஏன் அத்தே சொல்லலை?"

"நீ கேட்டியா?"

சம்பந்தி, உங்களிடம் மறைக்கமாட்டேன். எங்கள் தாத்தா திருடர். ஆனால் பசிக்குத் திருடியவர், அதைத் தயவுசெய்து மனதில் வைக்கவும். அம்மனுக்குப் புதுக் கிண்ணம் செய்துகொண்டு, தாய்மாமன் மடி வேண்டுமே என்று உங்கள் மகன் பரத்தைப் பொம்மசந்திரா கம்பெனியில் லீவு போடவைத்து, 'அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன் மாமா' என்று சௌம்யா சொன்னதால் உங்களுக்குப் போன்கூடச் செய்யாமல் வேனில் கிளம்பிவிட்டோம். போய்ப் பார்த்தால் அதே ஏரி, அதே கோயில், அதே காலிக் கை! பரத் யாரையும் கேட்காமல் நேராகக் குழாயடிக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வந்தான், சமர்த்து. பூசாரி சௌம்யாவிடம் "நல்லாக்கிறியாம்மா?" என்று விசாரித்தார், பெங்களூரில் பக்கத்து வீட்டுக்காரர்கூட இப்படிக் கேட்பதில்லை. கிண்ணத்தை அந்தக் கையில் வைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. 'உங்களுக்கு எந்த ஊரு?' என்று யார் கேட்டாலும் இத்தனை காலம் திருதிருவென்று விழித்தவன், முதல் தடவையாக ஒரு மண்ணில் உரிமையோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டேன். பரம திருப்தி.

சம்பந்தி அம்மாளுக்கு எங்கள் நமஸ்காரம். கண்ணில் தூசி படாமல் பார்த்துக்கொள்ளவும். எட்டுக் கைக்காரி உங்களுக்கும் துணையிருப்பாள்.

இப்படிக்கு,
ஊரும் குலதெய்வமும் உள்ள
ஏகாம்பரம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் சௌம்யா இதை வாங்கிப் படித்துவிட்டு, "மாமா, அது எங்க வீட்டுக் குலதெய்வம். கிண்ணத்தைத் தூக்கிட்டு ஓடினது எங்கப்பாவோட தாத்தா. எங்க கல்யாணப் பந்தியில அம்மா உங்க அத்தைகிட்ட சொன்ன கதை அது" என்றாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. இரு வீட்டுக்கும் ஒரே குலதெய்வம் என்றால் நாம் பங்காளிகளாயிற்றே, உங்கள் பெண்ணும் என் பிள்ளையும் அண்ணன் தங்கை முறையாயிற்றே! "கதைதான் மாமா மாறிப்போச்சு, முறை மாறலை" என்று அவளே தண்ணீர் கொடுத்தாள். தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்டதற்கு, "திறந்திருந்தா முடி இறங்கியிருக்குமா?" என்கிறாள். பரத்தும் உடந்தை. மொட்டைத் தலையோடு பேரன் கூடத்தில் ஓடுவதைப் பார்த்தால் கோபமும் வரவில்லை. ஆகவே, மேலே 'எங்கள் தாத்தா திருடர்' என்றிருப்பதை 'உங்கள் தாத்தா' என்று திருத்திப் படிக்கவும். இந்த ஒரு வாரத்தில் அவர் மேல் எனக்குப் பாசமே வந்துவிட்டது, சம்பந்தி. மனசில்லாமல்தான் திருப்பித் தருகிறேன்.