மினுக்காத கல்யாண வண்டி

முத்தியால்பேட்டை,
பாண்டிச்சேரி.
18.6.1984

பிரான்சில் சகல வசதிகளோடும் இருக்கும் தம்பி கன்னியப்பனுக்கு, அண்ணன் தணிகாசலம் ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. இங்கு நானும் உன் அண்ணி அஞ்சலாட்சியும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை.

என் மகள் தனத்தின் கல்யாணத்துக்கு நீ வரவில்லை. யோசனை மட்டும் அனுப்பினாய். மாப்பிள்ளை அழைப்புக்காக, மில்லில் உழைத்த இந்தக் கையாலேயே பழைய ஜீப்பின் கூரையை அறுத்து, பின்னால் நீளச் சீட்டு வைத்து, ஊரில் யாரிடமும் இல்லாத வண்டியாகக் கட்டியிருந்தேன். பளபளவென்று சிவப்பு அடிக்க இருந்தவனை, "அதெல்லாம் பட்டிக்காட்டு ருசி, இங்கே பெரிய மனிதர்கள் வண்டி மின்னாது, கருஞ்சாம்பலில் 'சத்தினே' அடி, பட்டுத்துணி மாதிரி மங்கலாக இருக்கும்" என்று எழுதிக் கெடுத்தவன் நீ. பெயிண்டர் மாரியப்பனிடம் சொன்னேன். "இன்னா அண்ணே, பளபளப்பு வரலன்னு ஊரே என்னத் திட்டுது, நீங்க பளபளப்பே வரக் கூடாதுங்கறீங்களே!" என்றான். முதலில் பெயிண்டில் முகப்பவுடரைக் கலந்து அடித்தான்; காய்ந்ததும் சுண்ணாம்புச் சுவர். சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். கடல் ஈரத்தில் வெள்ளை பூத்தது. கடைசியில் நீ ஆள் மூலம் கொடுத்தனுப்பிய, பளபளப்பை அடக்கும் மருந்து டப்பாவைக் கலந்து, நல்ல வெயிலில் அடித்தான். பொய் சொல்லக் கூடாது, நாவல்பழத்தின் மேல் பூத்த பொடி மாதிரி இருந்தது. மாரியப்பனே தொடப் பயந்தான்.

ஓட்டிப் பார்க்க வைத்திக்குப்பம் பக்கம் போனேன். மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்கள் கூடையை விட்டு எழுந்து நின்றார்கள். "யாரு போயிட்டாங்க?" என்றாள் ஒருத்தி. "கல்யாண வண்டிம்மா" என்றேன். "அய்யய்யோ, கல்யாணம் ஆவறதுக்குள்ளயா!" என்று ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டாள். இதைக் கேட்ட உன் அண்ணிக்கு மனசு ஆறவில்லை. மாப்பிள்ளை அழைப்பன்று நான் பூ வாங்கப் போன நேரம், கொஞ்சமாவது மினுக்கட்டும் என்று தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்திருக்கிறாள். தேய்த்த இடம் பளபளப்பு, தேய்க்காத இடம் மங்கல். சொறி பிடித்த எருமை மாதிரி நின்றது. துடைக்கத் துடைக்க இன்னும் மின்னியது. சம்பந்தி ஜானகிராமன் வண்டியைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க, எம்புள்ளைய பொண வண்டியிலயா ஏத்தறீங்க?" என்றார், தெருவே கேட்க. மாப்பிள்ளை அப்பா கைகாட்டிய வாடகைக் காரில் ஏறிப் போனார். மாலை போட்ட என் வண்டி காலியாகப் பின்னால் போனது. தனம் அதை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அதுதான் தம்பி, இன்னும் குத்துகிறது.

நாளை அந்த வண்டியை ஐஸ் பெட்டி ஏற்ற ஒரு மீன் வியாபாரிக்குக் கொடுத்துவிடப் போகிறேன். இனி எனக்கு யோசனை எழுதாதே. நீயும் உன் குடும்பமும் நோய்நொடி இல்லாமல், மின்னாத கார்களில் ஏறி, நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
அண்ணன் தணிகாசலம்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மாப்பிள்ளையும் தனமும் லாஸ்பேட்டையிலிருந்து வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை வண்டியை விட்டு நகரவில்லை. "மாமா, அன்னிக்கே இதுலதான் வரணும்னு ஆசை. அப்பா எதிர்ல பேச முடியல. விக்காதீங்க" என்றார். தனத்தை முன் சீட்டில் ஏற்றிக்கொண்டு பீச்சுக்கு ஓட்டிப் போனார். அவள் சிரித்துக்கொண்டே போனாள். மீன் வியாபாரிக்கு முடியாது என்று சொல்லியனுப்பிவிட்டேன். எண்ணெய்க் கறையைச் சுரண்டி மறுபடி அடிக்க வேண்டும். இன்னொரு டப்பா அனுப்பு. விளக்கு வைத்தும் இருவரும் திரும்பவில்லை. டேங்கில் பெட்ரோல் இல்லாதது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கேனைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.