மூன்று தட்டுச் சகோதரர்

பித்தளைப் பதக்கத்தை எலுமிச்சைத் தோலால் தேய்த்துப் பளபளப்பாக்குவது மனைவி. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மின்னுவது கணவர். இந்த இனத்துக்கு ‘மன்றத்துச் சகோதரர்’ என்று பெயர். ஊருக்கு ஒருவராவது நிச்சயம் உண்டு.

கடைத்தெரு முனையில், வாசலுக்கு மேலே கல்லில் ஆண்டு வெட்டிய பழைய சகோதர மன்றம்தான் இவருக்கு உயிர். மூன்று தட்டுத் தட்டினால்தான் கதவு திறக்கும். கை தவறி நாலாவது தட்டு விழுந்துவிட்டால் படியிறங்கிப் போய் முதலிலிருந்து வரவேண்டும். கொட்டுகிற மழையானாலும் சரி. உள்ளே, செத்துப்போன தலைவர்களின் படங்களுக்கு அடியில், பதவி வரிசைப்படி போட்ட நாற்காலிகளில், சாகாமல் மிச்சமிருக்கும் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, ஒருவரையொருவர் ‘சகோதரரே’ என்று விளித்து, உலகமே ஒரு குடும்பம் என்று எழுந்து நின்று உறுதிமொழி சொல்லி, உட்கார்ந்ததும் யார் நாற்காலி அரை அங்குலம் முன்னால் கிடக்கிறது என்று சண்டை பிடிப்பார்கள். குடும்பம் என்றால் அப்படித்தானே?

ஆனால் பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஒரு சகோதரர் தும்மினால் போதும், இவர் பழக்கூடையோடு போய் நிற்பார். தையற்கடைச் சகோதரருக்குக் கால் சுளுக்கியபோது பக்கத்தைவிட்டு அசையவில்லை. சுளுக்குத்தான் அலுத்துப்போய்க் கிளம்பியது.

போன வாரம் இவருடைய தம்பியை மருத்துவமனையில் சேர்த்தார்கள். கூடப்பிறந்த தம்பி.

“உங்க தம்பிக்கு நாளைக்குக் காலையில இருதய ஆபரேஷன். அதுக்கு முன்னாடி ஒரு தடவை அண்ணனைப் பாத்துடணும்னு சொல்றாராம். கிளம்புங்க,” என்றாள் மனைவி.

“இன்னிக்குச் சகோதரர் தினம். வரவேற்புரை நான்தானே?”

“வேற யாராவது படிக்கட்டும்.”

“படிக்கலாம். ஆனா தம்பி மன்றத்துல சேரவே இல்லையே! தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? எந்த விதிப்படி நான் போய்ப் பாக்கறது?”

“ஒரே வயித்துல பொறந்ததுக்கு உறுப்பினர் அட்டை வேற வேணுமா?”

அவர் கண்ணாடியைப் பார்த்துப் பதக்கத்தை நேராக்கினார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. இன்று காலை உங்கள் கைபேசியிலிருந்து எத்தனை குழுக்களுக்கு ‘அன்பு உள்ளங்களே, வணக்கம்’ போனது? அடுத்த அறையில் இருமிக்கொண்டிருந்தவர் ராத்திரி தூங்கினாரா என்று கேட்டீர்களா? சும்மாதான் கேட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனைவி பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றி மூடினாள். மாற்றுத்துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“ஏன் வரலைன்னு அவன் கேட்டா...” அவர் குரல் முதல்முறையாகக் கொஞ்சம் இறங்கியது. “என்ன சொல்லப்போறே?”

“‘நீங்க மூணு தட்டுத் தட்டலை, அதான் கதவு திறக்கலை’ன்னு சொல்றேன்,” என்றபடி அவள் மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.