அதிர்வு ஐயாவும் வளைந்த ஊசிகளும்

ஊரே அந்த மூன்றாம் மாடிக்கு ஏறிக்கொண்டிருந்தது. கீழே துணி வெளுக்கும் கடை, மேலே அதிர்வு ஐயா. படிக்கட்டு முழுக்க ஆட்கள். ஒவ்வொருவர் கையிலும் ஓர் அட்டைப்பெட்டி. எல்லாம் இணையத்தில் வாங்கி, உடைந்து வந்த சாமான்கள். கீறல் விழுந்த திரை, சுற்றாத விசிறி, எழுத்து விழாத விசைப்பலகை. ஐயா பெட்டியைத் திறக்கவே மாட்டாராம். அதன் மேல் நூலில் கட்டிய பித்தளைக் குண்டை ஆட்டி, உள்ளே என்ன, எங்கே சேதம், யார் கண் பட்டது என்று புட்டுப்புட்டு வைப்பாராம். பிறகு ஒரு செப்புத் தகடு தருவாராம். விற்றவன் மனசு தானாக இளகி, புதுச் சாமான் அனுப்பிவிடுவானாம்.

அந்த வரிசையில் நாற்பத்தேழாவது முட்டாள் நான்.

என் தொழிலையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பாதியில் தெரிந்தால் இன்னும் கேவலம். நான் கணினிப் பயிற்சி நிலையத்தில் ஆசிரியர். காரணம் இல்லாமல் கணினி எதையும் செய்யாது என்று நாள் தவறாமல் பலகையில் எழுதிப் போடுகிறவன்.

அக்கா நீதிமன்ற வாக்குமூலங்களை வீட்டிலிருந்தே தட்டச்சு செய்து கொடுப்பவள். அவளுடைய கணினி மண்டையைப் போட்டது. பன்னிரண்டு நாளில் ஒப்படைக்க வேண்டிய வேலை கையில் இருந்தது. தவறினால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். “கடைக்கெல்லாம் போகாதே. நானே பாகம் பாகமா வாங்கிப் பூட்டித் தரேன்” என்று மார்தட்டினேன். எல்லாப் பாகங்களையும் இணைக்கிற தாய்ப்பலகை வந்தது. கணினியின் மூளையான செயலிச் சில்லு உட்காரும் இடத்தில், மயிரிழை மாதிரி இருக்கும் ஊசிகளில் நான்கு வளைந்து கிடந்தன.

விற்பனையாளருக்கு உடனே எழுதினேன். படம் இல்லை, விவரம் இல்லை. “ஏமாற்றுக்காரர்களே!” என்று ஆரம்பித்து, பதினொரு ஆச்சரியக்குறிகளோடு முடித்தேன். ஒரே வரியில் பதில் வந்தது: பூட்டும்போது நீங்களே வளைத்திருப்பீர்கள். அன்று மாலையே மூன்றாம் மாடிக்குப் போய்விட்டேன்.

வாசலில் ஒரு பெண் படிவம் கொடுத்தாள். என்ன சாமான், என்ன சேதம், யாரோடு மனத்தாங்கல். நல்ல பிள்ளையாக எல்லாவற்றையும் நிரப்பினேன். கீழ் வீட்டுக்காரியோடு தண்ணீர்த் தகராறு என்பதைக் அடிக்கோடு போட்டே எழுதினேன்.

ஐயா கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். வியர்த்துக் கொட்டும் புழுக்கத்தில், காதை மூடிய கம்பளிக் குல்லாய் வேறு. ஞானிகளுக்குப் புழுக்கம் தெரியாது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். குண்டு சுற்றியது.

“தாய்ப்பலகை.”

எனக்குப் புல்லரித்தது.

“ஊசி வளைஞ்சிருக்கு... கீழ் வீட்டுல ஒரு பொம்பளை... தண்ணி விஷயமா...”

விழுந்து கும்பிட்டேன். பத்து நிமிடத்துக்கு முன் அதையெல்லாம் எழுதியது என் சொந்தக் கை என்பது சத்தியமாக எனக்கு உறைக்கவில்லை.

“இந்தத் தகட்டைப் பலகை மேல ஒட்டி, ஒரு தடவை மின்சாரம் கொடுங்க. வித்தவனுக்கு அங்க நெஞ்சு படபடக்கும்.”

செம்பில் மின்சாரம் பாயும். என் மாணவர்களுக்கு அது இரண்டாம் பாடம். இரண்டாம் பாடத்தை நடத்துகிறவன் வீட்டுக்குப் போய், தகட்டை ஒட்டி, பொத்தானை அழுத்தினான். விற்றவன் நெஞ்சு என்ன ஆனதோ தெரியாது. இங்கே நினைவகச் சில்லு புகைந்தது.

“என்னடா நாத்தம்?” என்று அக்கா வந்தாள். ஒன்று விடாமல் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன். வாக்குமூலம் தட்டித் தட்டிப் பழகியவள், கேள்விதான் கேட்டாள்.

“நீ படிவத்துல எழுதாத விஷயம் ஏதாவது ஒண்ணு சொன்னாரா?”

யோசித்தேன். ரொம்ப நேரம் யோசித்தேன்.

“இல்லக்கா.”

“நாளைக்கு என்னையும் கூட்டிட்டுப் போ.”

மறுநாள் அவளும் ஒரு பெட்டியோடு வந்தாள். படிவத்தில் தாய்ப்பலகை, ஊசி வளைவு, எதிர் வீட்டுக்காரரோடு சண்டை என்று எழுதினாள். ஐயா முன்னால் போய் உட்கார்ந்தோம். எங்களுக்குப் பின்னால் கதவு வரை கூட்டம். குண்டு சுற்றியது.

“தாய்ப்பலகைதாம்மா. ஊசி போயிருக்கு. எதிர் வீட்டுக்காரன் கண்ணு பொல்லாதது.”

“எங்க வீட்டுக்கு எதிர்ல காலி மனைங்க” என்று அக்கா பெட்டியைப் பிரித்தாள். உள்ளே இரண்டு துணி சோப்பு, ஒரு பழைய துண்டு.

ஐயா லேசில் மசிகிற ஆளா?

“பாத்தீங்களா! கண்ணு பட்டா பொருளே உருமாறிடும்!”

கூட்டம் வாயைப் பிளந்தது. அக்காவுக்குத் தெரியாமல் ஒரு நொடி நானும் கைகூப்பினேன். வெட்கமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன்.

பின்னாலிருந்து ஒரு பேருந்து ஓட்டுநர் தன் பெட்டியை முன்னே நகர்த்தினார். “ஐயா, படிவம் தீந்துபோச்சாம். நான் எதுவும் எழுதலை. என் பெட்டியில என்ன இருக்குன்னு சொல்லுங்க.”

“அதிர்வைச் சோதிக்கக் கூடாது.”

“சோதிக்கலீங்க. தெரிஞ்சுக்கத்தான் மூணு மாடி ஏறி வந்திருக்கேன்.”

ஐயா கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் ஐயாவைப் பார்த்தது. “திரை” என்றார். பிரித்தால் விசைப்பலகை. படிவம் எழுதாத இன்னும் நான்கு பேர் பெட்டியை நீட்டினார்கள். ஒன்றே ஒன்று, விசிறி, சரியாக வந்தது.

“அஞ்சுல ஒண்ணுதானே? குருட்டாம்போக்குல சொன்னா எனக்கும் வரும்” என்றாள் அக்கா. “அந்தக் குல்லாயைக் கொஞ்சம் கழட்டறீங்களா? பாத்தாலே வேர்க்குது.”

ஐயா கழற்றவில்லை, ஓட்டுநர் கழற்றினார். காதுக்குள் சின்னதாக ஓர் ஒலிப்பான். பக்கத்து அறைக் கதவைத் தள்ளினால், படிவக்காரி கையில் அலைபேசியும் மடியில் எங்கள் படிவங்களுமாக உட்கார்ந்திருந்தாள். ஐயாவுக்கு அசரீரி வந்த இடம் அதுதான். அன்றைக்கு அவர் மூன்று மாடியை இறங்கிய வேகத்தை எந்தக் குண்டாலும் அளந்திருக்க முடியாது.

ஐயா போய்விட்டார், பலகை அப்படியே இருந்தது. விற்பனையாளருக்கு இந்தத் தடவை அக்கா எழுதினாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து ஆச்சரியக்குறி வைக்காமல் கையைக் கட்டிக்கொண்டேன். பெட்டியின் நசுங்கிய மூலைக்கு ஒரு படம். அந்த மூலைக்கு நேர் உள்ளே இருந்த ஊசிகளுக்கு ஒரு படம். கடைசியில் இப்படி எழுதினாள்: “செப்புத் தகடு ஒட்டியது எங்கள் முட்டாள்தனம். கருகிய நினைவகத்துக்கு நாங்களே பொறுப்பு. ஊசிகள் மட்டும் வரும்போதே வளைந்திருந்தன.”

“தகட்டை எதுக்குக்கா சொல்றே? அதை வச்சே மாட்டேன்னுடுவான்.”

“உள்ளதைச் சொல்லுடா. மறைச்சு, அவன் கண்டுபிடிச்சா மீதியையும் நம்ப மாட்டான்.”

பலகையைத் திருப்பி அனுப்பச் சொன்னார்கள். பார்த்துவிட்டு, பெட்டிக்குள் மெத்தை வைக்காமல் அனுப்பியது தங்கள் தவறுதான் என்று எழுதி, ஐந்தாம் நாள் வேறு பலகை அனுப்பினார்கள். நினைவகம் என் செலவு. இந்தத் தடவை பூட்டியது கடைக்காரர். என்னைத் திருப்புளியைத் தொட அக்கா விடவில்லை. கெடுவுக்கு ஒரு நாள் முன்னதாகவே அவள் வேலையை ஒப்படைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் ஓர் அழைப்பு. அன்றைக்கு ஐயாவின் அறையில் என் பின்னால் நின்று எல்லாவற்றையும் கண்ணால் பார்த்தவர்.

“சார், இந்த ஆளு போலின்னு தெரிஞ்சுபோச்சு. வேற உண்மையான ஆள் யாராவது இருக்காங்களா?”

“இருக்கார். உங்க கழுத்துக்கு மேலயே குடியிருக்கார். படிவம் கேக்க மாட்டார், தகடு தர மாட்டார். ஆனா ரொம்ப நாளா நீங்க அவர்கிட்ட ஒரு வேலையும் சொல்லலை போலிருக்கு. இன்னிக்காவது கூப்பிட்டுப் பாருங்க” என்றேன்.

அவர் பேனா தேடும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: “அவர் எத்தனை மணிக்கு சார் பார்ப்பார்?”