மாப்பிள்ளையிடம் நான் கேட்ட ஒரே கேள்வி

பேசாமல் உட்கார்ந்திருப்பவனை எல்லோரும் விவரமானவன் என்று நம்பிவிடுகிறார்கள். நான் பல வருடம் அந்த நம்பிக்கையில்தான் பிழைத்தேன். ஜோகுபாளையத்தில் எங்கள் சந்தில் தகராறு என்றால் என்னைக் கூப்பிட்டு நடுவில் உட்கார வைப்பார்கள். நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அதைப் பார்த்தே இரண்டு பக்கமும் அடங்கிவிடும். (எனக்கு ஒன்றும் தோன்றியிருக்காது. அதுதான் விஷயம்.)

அந்த மரியாதை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தோடு போயிற்று. ஒரு கேள்வி கேட்டேன். ஒன்றே ஒன்று.

நான் தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். போர்வெல்லில் பிடித்து, அடுக்குமாடி வீடுகளுக்குக் கொண்டுபோய், தரைக்கடியில் இருக்கிற சம்புத் தொட்டியில் விடுகிற வேலை. படிப்பு அஞ்சாவது. இந்தத் தொழிலுக்குப் பேச்சு வேண்டாம். ஹாரன் போதும். வீட்டிலும் அப்படியே ஓட்டிவிட்டேன். என் மனைவி தனம் எனக்கும் சேர்த்துப் பேசிவிடுவாள்.

மகள் ரேவதிக்கு வரன் பார்த்தோம். முதலில் வந்த இடம், வீடு சின்னது என்று போயிற்று. அடுத்த இடம், பெண்ணின் அப்பா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், எங்களுக்கு மரியாதை இல்லை என்று போயிற்று. (அது என்னுடைய சாதாரண மூஞ்சி.) அதற்கப்புறம் வந்ததுதான் முரளி. விவேக் நகர் பக்கம் வீடு. ஏதோ ஆபீசில் வேலை. முதல் இரண்டு பேர் போட்டோவையும் ரேவதி பார்த்த கையோடு போனிலிருந்து அழித்திருந்தாள். முரளி போட்டோவை அழிக்கவில்லை. தனம் அதைக் கவனித்துவிட்டாள்.

"ஏங்க, பொண்ணுக்குப் புடிச்சிருக்கு. இந்த இடமும் உங்க மூஞ்சியால போச்சுன்னா, அப்புறம் நான் உங்ககூடப் பேச மாட்டேன்" என்றாள்.

எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளும் பேசாவிட்டால் எங்கள் வீட்டில் டிவிதான் பேச வேண்டும்.

அவள் போட்ட உத்தரவு இது. கல்லு மாதிரி உட்காரக் கூடாது. மாப்பிள்ளையிடம் ஏதாவது ஒன்று கேட்க வேண்டும். வேலையைப் பற்றிக் கேட்டால் ரொம்ப நல்லது.

என்ன வேலை என்று ரேவதியிடம் கேட்டேன். நாட்டில் அஞ்சு வயதுக்குள் எத்தனை குழந்தைகள் இறந்துபோகிறார்கள் என்று வருகிற கணக்குகளைச் சரிபார்க்கிற ஆபீஸ், அதில் கம்ப்யூட்டர் வேலை என்றாள். தனம் உடனே குறுக்கே வந்து, முதல் பாதியை அக்கம்பக்கத்தில் சொல்லாதே, கம்ப்யூட்டர் வேலை என்பதோடு நிறுத்திக்கொள் என்றாள். அவளுக்கு உலகம் தெரியும்.

எனக்குத் தெரியாது. ஆகவே தெரிந்தவரைக் கேட்டேன். நான் தண்ணீர் விடுகிற ஒரு குடியிருப்பில் செயலாளர் ஒருத்தர் இருக்கிறார். சம்பு நிறையும் வரைக்கும் பக்கத்தில் நின்று எனக்கு உலக விஷயம் சொல்லுவார். அவர் யோசிக்கவே இல்லை. நம் நாட்டுக் கணக்கு ஒன்று சொல்கிறது, வெளிநாட்டுக் கணக்கு வேறு ஒன்று சொல்கிறது, அது ஏன் என்று கேளுங்கள், மாப்பிள்ளை அசந்துவிடுவார் என்றார்.

ஒரு வாரம் லாரியிலேயே மனப்பாடம் செய்தேன். சிக்னலில் நிற்கும்போது சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். பக்கத்தில் நின்ற ஸ்கூட்டர்காரர் ஒருத்தர், பச்சை விழுவதற்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விட்டார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். முரளி, அவர் அப்பா, அம்மா. மூன்றே பேர். அதற்கே எங்கள் ஹால் நிரம்பிவிட்டது. எங்கள் பையன்கள் இரண்டு பேரையும், இடமில்லை என்று முன்கூட்டியே வெளியே துரத்தியிருந்தோம். அப்பா கவர்மென்ட் ஆபீசில் இருந்து ரிட்டயர் ஆனவர். பாதி தமிழ், பாதி கன்னடம் பேசினார். அம்மா பேரு சரோஜா. என்னைவிடக் குறைவாகப் பேசினார். (நான் அன்றைக்குத்தான் அப்படி ஒருத்தரைப் பார்த்தேன்.)

வெற்றிலை, பூ, பழம் எல்லாம் தட்டில் இருந்தது. கேசரி, பஜ்ஜி வந்தது. ரேவதி காபி கொடுத்துவிட்டுச் சமையலறை வாசலில் போய் நின்றாள். முரளி அந்தப் பக்கமே பார்க்காத மாதிரி அந்தப் பக்கமே பார்த்தார். முரளியின் அப்பா, வீடு சின்னதா இருந்தாலும் சொந்தம், அஷ்டே சாக்கு, அது போதும் என்றார். எல்லாம் நன்றாகப் போயிற்று.

தனம் என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் சரிசெய்தேன்.

"தம்பி, நம்ம நாட்டுல இத்தினி கொழந்தைங்க சாவுதுன்னு ஒரு கணக்கு சொல்றாங்க. வெளிநாட்டுக்காரங்க வேற கணக்கு சொல்றாங்க. யாரு பொய் சொல்றது?"

(கடைசி வரி மனப்பாடத்தில் கிடையாது. நானாகச் சேர்த்தது.)

முரளியின் அப்பா வாய்க்குக் கொண்டுபோன கேசரியைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். பூவும் பழமும் வைத்திருக்கிற இடத்தில் குழந்தை, சாவு என்று இரண்டு வார்த்தை விழுந்து கிடந்தது. தனம் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வருடக் கணக்கில் ஒன்று கூடியிருக்கும். (எனக்கு அஞ்சு வயதுக்கு மேல் ஆகிவிட்டதால் சேர்க்க மாட்டார்கள்.)

ஒரே ஒரு ஆள் முகம் மட்டும் விளக்குப் போட்ட மாதிரி ஆனது. முரளி பஜ்ஜியைக் கீழே வைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவரை யாரும் இதைக் கேட்டதில்லையாம். பெற்றவர்கள்கூட, சம்பளம் ஏறியதா என்றுதான் கேட்பார்களாம்.

"யாரும் பொய் சொல்லல மாமா" என்றார்.

மாமா என்றார். சமையலறை வாசலில் வளையல் சத்தம் கேட்டது.

அப்புறம் அவரை நிறுத்த முடியவில்லை. அவர் அப்பா தொடையில் கிள்ளினார். முரளி தொடையை நகர்த்திக்கொண்டு தொடர்ந்தார். நம் ஆட்கள் சில இடங்களைப் பொறுக்கி எடுத்து, வீடு வீடாகப் போய்க் கேட்பார்கள். அந்த வருடம் கேட்டதை அப்படியே சொல்வார்கள். வெளிநாட்டுக்காரர்கள் இதையும் எடுத்துக்கொள்வார்கள், பழைய சர்வே, வேறு சர்வே எல்லாவற்றையும் எடுத்துக்கொள்வார்கள். ஒன்றுக்கொன்று ஒத்துவராது. எல்லாவற்றுக்கும் நடுவே ஒரு கோடு இழுத்து, அந்தக் கோடு இந்த வருடம் எங்கே வந்து நிற்கும் என்று பார்த்துச் சொல்வார்கள். அது உத்தேசம். மேலே கீழே போகும் என்று அவர்களே எழுதியும் வைப்பார்கள். ஆகவே இரண்டும் ஒன்றாக இருக்காது.

எனக்குப் புரிந்துவிட்டது. என் வாழ்க்கையில் படித்த ஆள் ஒருத்தர் சொல்லி எனக்கு உடனே புரிந்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோஷத்தில் இரண்டாவது தடவையும் வாயைத் திறந்தேன்.

"எங்க லாரி மாதிரி. போர்வெல்ல நெரப்பினது ஒரு அளவு. சம்புல விழுந்தது ஒரு அளவு. ரெண்டு பேரும் அளந்துதான் சண்டை போடுவாங்க. நடுவுல ரோட்டுல ஒழுகினதை யாரும் அளக்க மாட்டாங்க."

"அதேதான் மாமா" என்று முரளி என் பக்கம் நாற்காலியையே இழுத்துப் போட்டுக்கொண்டார். "அதுவும் யாரைக் கேக்குறோம்ங்கிறதுலயே மாறிடும். இப்ப இந்த வீட்டையே எடுத்துக்குங்க. நான் சர்வேக்கு வந்திருக்கேன். மொத்தம் எத்தனை கொழந்தை பொறந்துச்சு?"

"மூணு" என்றேன் நான்.

"நாலு" என்றாள் தனம்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது.

முரளியின் அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தரகர் மூன்று என்றுதானே சொன்னார், நாலாவது எங்கே என்றார். கேட்டுக்கொண்டே சமையலறைப் பக்கம் எட்டி வேறு பார்த்தார்.

நான் சொன்னேன். முதல் பிரசவம் தனத்தின் அம்மா வீட்டில். திருப்பத்தூர் பக்கம். எங்கள் வழக்கப்படி அங்கே அனுப்பிவிட்டு நான் இங்கே லோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். சேதி கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. செத்துப் பிறந்தது என்றார்கள். சரி என்றேன். அதை எப்படிக் கணக்கில் சேர்ப்பது?

தனம் தட்டைக் கீழே வைத்தாள்.

"செத்துப் பொறக்கல. அழுதான். நான் கேட்டேன்" என்றாள். "சாயங்காலம் வரைக்கும் இருந்தான்."

இதை நான் அன்றைக்குத்தான் கேட்கிறேன். அன்று யாரோ ஒருத்தர், வந்தவன் மனசு கஷ்டப்பட வேண்டாம் என்று என்னிடம் அப்படி மாற்றிச் சொல்லியிருக்கிறார். நான் திருப்பிக் கேட்கவில்லை. நான்தான் எதையும் கேட்கிறவன் இல்லையே. அவளும் அதற்கப்புறம் அதைப் பேசவில்லை. எனக்கும் சேர்த்துப் பேசுகிறவள், இந்த ஒன்றை மட்டும் பேசாமல் விட்டிருக்கிறாள்.

முரளி குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அழுதிருந்தா உயிரோட பொறந்ததுதான் அத்தை. நாலுதான் சரி. அங்க யாரும் போய்ப் பதிஞ்சிருக்க மாட்டாங்க. இங்க வந்து மாமாவைக் கேட்டா மூணும்பாரு. இப்படித்தான்..." என்றவர், மேலே சொல்லாமல் நிறுத்திக்கொண்டார். நல்ல பிள்ளை.

அவர் நிறுத்தியிருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஏனென்றால் அதற்குள் சரோஜா அம்மா வாயைத் திறந்தார்.

"ஊரெல்லாம் கேக்குறியே முரளி. நம்ம வீட்டுல எத்தனை?"

"ரெண்டு. நானும் அக்காவும்."

"மூணு. உங்களுக்கு முன்னாடி ஒருத்தி இருந்தா."

முரளி அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா ஜன்னலைப் பார்த்தார். அது ஒரு வயசில் போயிற்று, இப்போது எதற்கு அது என்றார்.

"ஒரு வயசு இல்ல. பதினோரு மாசம்" என்றார் அந்த அம்மா. "ஒரு வயசுக்குன்னு தெச்ச கவுனு அப்படியே இருந்துச்சு."

"அப்படின்னா அது ஒரு வயசுக்குள்ள வரும்மா, அந்தக் கணக்கே வேற" என்றார் முரளி. சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. வாயில் அடித்துக்கொண்டார். நாடு முழுக்க எண்ணுகிற ஆளுக்குத் தன் வீட்டில் எத்தனை என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் பையனை அந்த நிமிடத்தில்தான் ரொம்பப் பிடித்துப்போனது. என்னைப் போல ஒருத்தன்.

தனம் எழுந்து சமையலறைக்குப் போனாள். சரோஜா அம்மா பின்னாலேயே போனார். ரேவதியும் உள்ளே போய்விட்டாள். கதவு சாத்திக்கொண்டது.

ஆண்கள் மூன்று பேரும் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உள்ளே இரண்டு குரல் மாறி மாறிக் கேட்டது. நடுவில் அழுகைச் சத்தம் மாதிரி ஒன்று. அப்புறம் சிரிப்புச் சத்தம் மாதிரி ஒன்று. முரளியின் அப்பா கடைசியில் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"சரிங்க. நாங்க போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

பெண் வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வாக்கியம் தெரியும். போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றால் சொல்லி அனுப்ப மாட்டோம் என்று அர்த்தம். முதல் இரண்டு இடமும் இப்படித்தான் எழுந்து போனார்கள். முரளி எழுந்திருக்கவில்லை. காலியான காபி டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மகளின் கல்யாணத்தை ஒரு கேள்வியில் முடித்துவிட்டோம் என்று நானும் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கிவிட்டேன்.

கதவு திறந்தது. சரோஜா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து தட்டிலிருந்த பூவை எடுத்தார்.

"போயி என்ன சொல்றது? இருக்குற எடத்துலயே சொல்லிட்டுப் போவோம்" என்றார் புருஷனிடம். பிறகு ரேவதி பக்கம் திரும்பி, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார்.

"ம்" என்றாள் ரேவதி.

(என் மகள்.)

பூ வைத்தார்கள். முரளியின் அப்பா ஒரு நிமிடம் நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்து, வைத்த கேசரியை எடுத்துச் சாப்பிட்டார்.

கல்யாணம் நடந்தது. செயலாளருக்குப் பத்திரிகை வைத்தேன். அசந்தாரா என்று கேட்டார். எல்லோரும் அசந்தார்கள் என்று மட்டும் சொன்னேன்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு வீட்டிலும் எந்தக் கணக்கு ஒத்துவராவிட்டாலும் இதே பேச்சுதான். மாப்பிள்ளை ஆறு இட்லி சாப்பிட்டார் என்பாள் ரேவதி. அவர் நாலு என்பார். "இது உள்நாட்டுக் கணக்கா, வெளிநாட்டுக் கணக்கா?" என்று சம்பந்தி கேட்பார். உடைந்த இட்லி இரண்டும் தட்டுக்கு வருவதற்கு முன்பே போய்விட்டன, அவற்றைச் சேர்க்கக் கூடாது என்பார் மாப்பிள்ளை. அதையும் சேர் என்பார் சரோஜா அம்மா. புது ஆள் யாராவது வீட்டுக்கு வந்தால், நான் கேட்ட கேள்வியை என் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள். என் பையன்கள் மூஞ்சியையும் சேர்த்துச் செய்வார்கள். எங்கள் சந்தில் இப்போது தகராறு வந்தால் என்னை யாரும் நடுவில் உட்கார வைப்பதில்லை.

யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் நாலு என்கிறேன். பேர் கேட்டால் மூன்று சொல்லிவிட்டு ஹாரன் அடித்துவிடுகிறேன்.

போன மாதம் ஒரு நாள் சாப்பிடும்போது தனத்திடம் கேட்டேன். அந்தப் பையனுக்கு மனசுக்குள் ஏதாவது பேர் வைத்திருந்தாயா என்று.

அவள் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த கையை நிறுத்தினாள்.

"ரெண்டாவது கேள்வியா?" என்றாள். "மொதல்ல சாப்பிடுங்க. இதுக்கு எத்தினி பேரைக் கூப்பிட்டு உக்கார வெக்கணுமோ."

பிறகு பேரைச் சொன்னாள்.