வெள்ளிக்குள் தூக்க வேண்டிய கை

சட்டைக்குள் நுழைய அல்லா பிச்சையின் வலது கை மறுத்துவிட்டது திங்கட்கிழமை காலையில்.

"பாதிக்கு மேல ஏற மாட்டேங்குது."

"கையா, சட்டையா?" என்றாள் மனைவி ருக்கையா.

"தோளுடீ. உசுர் போகுது."

வேறு வாரமாக இருந்தால் துண்டைப் போர்த்திக்கொண்டு கடையில் போய் உட்கார்ந்திருப்பார். ஆனால் வரும் வெள்ளிக்கிழமை ஏலத்துக்குக் குரங்கணி மலையின் முதல்தர ஏலக்காய் வருகிறது. அதை எடுத்து அனுப்புகிறவருக்குத்தான் வருஷம் முழுக்க ஆர்டர் என்று பம்பாய் சேட்டு டிரங்க் காலில் சொல்லியிருந்தார். அந்த ஏலக் கூடத்தில் வாயால் கேட்கிற வழக்கம் கிடையாது. வலது கையைத் தலைக்கு மேல் தூக்க வேண்டும். இடது கையைத் தூக்கினால் ஏலக்காரர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். லைசென்ஸ் அல்லா பிச்சை பேரில் இருப்பதால் அடுத்தவர் கையும் செல்லாது.

"முதல்ல டாக்டரைப் பாருங்க" என்றாள் ருக்கையா.

பக்கத்துக் கடை பெரியகருப்பன் வேறு மாதிரி சொன்னார். அவரும் ஏலக்காய் வியாபாரிதான். அதே சேட்டு அவருக்கும் அதே டிரங்க் காலைப் போட்டிருந்தார். ஆனாலும் இருபது வருஷப் பழக்கம். விஷயம் கேட்டுப் பதறிப்போனார்.

"மாமா, முதல்ல ஒச்சப்பன்கிட்டப் போங்க. கட்டு வைத்தியத்துல அந்தாளை அடிச்சுக்க முடியாது. சாயந்தரம் வந்து எனக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."

ஒச்சப்பன் தோளை அமுக்கிப் பார்த்துவிட்டு, "நாப்பத்தெட்டு நாள் கட்டு" என்றார்.

அல்லா பிச்சை தன் வாழ்நாளில் முதலில் சொன்ன விலைக்கு எதையும் வாங்கியதில்லை.

"நாலு நாளு."

"இதென்ன சந்தையா? எலும்புங்க."

அல்லா பிச்சை எழுந்து செருப்பை மாட்டினார். வாசலைத் தாண்டி மெதுவாக மூன்று எட்டு வைத்தார். நாலாவது எட்டில் எதிர்பார்த்த குரல் வந்தது.

"சரி, வாங்க. நாலே நாளு. ஆனா கட்டு கொஞ்சம் இறுக்கமா இருக்கும்."

நாற்பத்தெட்டு நாள் இறுக்கத்தையும் ஒரே கட்டில் போட்டார் ஒச்சப்பன். பொழுது சாய்வதற்குள் விரல்கள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டன.

"நாப்பத்தெட்டை நாலாக்கிட்டேன்" என்றார் அல்லா பிச்சை வீட்டில் ருக்கையாவிடம்.

"அஞ்சு விரலையும் அவர்கிட்டயே குடுத்துட்டு வந்திருக்கீங்க."

செவ்வாய்க்கிழமை பெரியகருப்பன் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். "ஆட்டுங்க மாமா." ஆடவில்லை. "அப்ப ஒச்சப்பன் ஆகாது" என்றார் வருத்தத்தோடு. "வெரசா டாக்டர்கிட்டப் போங்க."

டாக்டர் கத்தரிக்கோலால் கட்டை வெட்டி எறிந்தார். "முதல்ல இங்க வந்திருக்கணும். தினம் ஒண்ணா அஞ்சு ஊசி. அஞ்சு நாள்."

"ரெண்டு நாள்ல முடிங்க சார்."

"எப்படிய்யா முடியும்?"

"ஊசியைக் கொறைக்கச் சொல்லல. நாளைத்தான் கொறைக்கச் சொல்றேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு, "போடலாம். உக்கார முடியாது" என்றார்.

உட்கார முடியவில்லை. புதன்கிழமை மத்தியானம் அல்லா பிச்சை நின்றுகொண்டே சாப்பிட்டார். சாப்பிட்டது இடது கையால். பெரியகருப்பன் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"தூக்குங்க மாமா."

கை சட்டையின் இரண்டாவது பொத்தான் வரை வந்தது.

"உக்காந்து தூக்குங்க."

"அது முடியாது மாப்ளே."

"டாக்டரும் ஆகாது" என்று பெரியகருப்பன் உச்சுக்கொட்டினார். "இனி ஒரே வழி மேல இருக்க மலையாள வைத்தியர்தான். விடிஞ்சதும் ஜீப்பைப் பிடிங்க. எப்படி இருந்துச்சுன்னு மறக்காமச் சொல்லுங்க."

"ஒடம்பொறந்தவன் கூட இப்படிக் கேக்க மாட்டான்" என்று கண்கலங்கினார் அல்லா பிச்சை.

எஸ்டேட் ஆட்களோடு ஜீப்பில் போடிமெட்டு வளைவு அத்தனையையும் அவர் நின்றபடியே ஏறினார். இறங்கியபோது பிடித்த கம்பியை இடது கை விட மறுத்தது. டிரைவர் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டார்.

"ஆத்யம் இவிட வரணுமாயிருந்நு" என்றார் வைத்தியர். டாக்டர் சொன்னதேதான், மலையாளத்தில். "ஏழு திவசம் உழிச்சில்."

"நாளைக்குக் காலையில ஏலம் வைத்தியரே. ஒரே நாளு."

வைத்தியர் கணக்குத் தெரிந்தவர். ஒரு ஆள் ஏழு நாள் எண்ணெய் தேய்த்து உழியலாம். அல்லது ஏழு ஆள் ஒரு நாள் உழியலாம். அவரிடம் மூன்று பேர்தான் இருந்தார்கள். ஆளுக்கு இரண்டு பங்கு, மீதி ஒரு பங்கை வைத்தியரே காலால் செய்தார்.

வெள்ளிக்கிழமை ஏலக் கூடத்தில் அல்லா பிச்சை சுவரோரம் நின்றார். வலது கை அசையவில்லை. இடது கையும் அதோடு சேர்ந்துகொண்டது. கழுத்து ஏலக்காரரைப் பார்த்தபடி நின்றுவிட்டது ஒன்றுதான் லாபம்.

குரங்கணிக் காய் வந்தது. அல்லா பிச்சை பல்லைக் கடித்துக்கொண்டு தூக்கினார். புருவம் மட்டும் மேலே ஏறிற்று.

"ஒருதரம்... ரெண்டுதரம்..."

முன்வரிசையில் பெரியகருப்பனின் வலது கை, கொடிக்கம்பம்போல் நேராக மேலே போனது.

"மூணுதரம்!"

பெரியகருப்பனின் குமாஸ்தா காசிமாயன் டீ கொண்டுவந்தான். தன் முதலாளிக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அல்லா பிச்சைக்குத் தானே வாயில் ஊட்டினான்.

"எனக்குக் குடுத்து வைக்கலப்பா. போகட்டும்" என்றார் அல்லா பிச்சை. "நாலு நாளா என் கைக்காக உங்க முதலாளி என்ன பாடுபட்டாரு! அந்த மனசுக்குத்தான் கிடைச்சிருக்கு."

"அவருக்கும் ஞாயித்துக்கிழமையில இருந்து அதே தோள்வலிதாண்ணே" என்றான் காசிமாயன், டம்ளரை இன்னும் கொஞ்சம் சாய்த்து. "யார்கிட்ட முதல்ல போறதுன்னு உங்களை விட்டுப் பாத்தாரு. மூணு பேரும் ஆகாதுன்னு நேத்து ராத்திரி தெரிஞ்சதும், பேசாம வெந்நி ஒத்தடம் குடுத்துட்டுப் படுத்துட்டாரு."