நேற்றைய மீனும் நிஸ்றாவின் கம்பனியும்

காத்தான்குடி,
செவ்வாய்க்கிழமை, அஸர் தொழுதுவிட்டு.

அன்பும் மதிப்பும் நிறைந்த மச்சான் அசனார் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஓட்டமாவடியில் நீங்களும் வீட்டாரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அல்லாஹ்வின் கிருபையால் எல்லோரும் நலம். உங்கள் கூடப்பிறந்த ராத்தா, என் மனைவி சித்தி நபீஸாவுக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைவு, குரலில் ஒரு குறைவும் இல்லை. இதை வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் ஒரு விஷயத்தைத் தொடங்கியதுமே நீங்கள் ஒரு கட்டைவிரல் படத்தைப் போட்டுக் கதையை முடித்துவிடுகிறீர்கள். கடதாசியில் அது நடக்காது. ஆகவே உட்கார்ந்து வாசிக்கவும்.

பாஹிமின் கலியாண வீட்டில் சஹன் தட்டைச் சுற்றி இருந்து ஒன்றாகச் சாப்பிடும்போது, எல்லோருக்கும் கேட்கும்படி நீங்கள் என்ன சொன்னீர்கள்? "மச்சான், இந்தப் பெரிய கம்பனியள நம்பாதீங்க. இண்டைக்கி ஏத்துவான், நாளைக்கி இறக்குவான். நிஸ்றாவ பேசாம ஒரு ரீச்சர் வேலைக்கிப் போடுங்க" என்றீர்கள். நான் பதில் சொல்லவில்லை. வாயில் இறைச்சி இருந்ததும் ஒரு காரணம். இன்னொரு காரணம், அந்தக் கிழமைதான் என் மகள் நிஸ்றாவின் வேலைக்கு ஆபத்து வந்திருந்தது. அந்த ஆபத்து எப்படி வந்தது, எப்படி வாலைச் சுருட்டிக்கொண்டு போனது என்பதைத்தான் இப்போது எழுதப்போகிறேன்.

கம்பனியின் பெயரை எழுதினால் எழுத்துப் பிழை வரும் என்பதால் கம்பனி என்றே எழுதுகிறேன். தலைமைக் காரியாலயம் கடலுக்கு அப்பால், ஒரு கிளை கொழும்பில். நிஸ்றா எங்கள் மேல்மாடியில் இருந்துகொண்டே அங்கே ஓர் அணிக்குத் தலைவி. அணி என்றால் என்ன என்று கேட்டேன்.

"வாப்பா, கம்பனி பெருத்தா மெத்தனம் வந்திரும். வெளியில ஒரு சின்னக் கம்பனி வந்து முந்திரும். அதால ஒரு சஹன்ல இரிக்கிற அளவு ஆக்கள வெச்சி சின்னச் சின்ன அணியாப் பிரிச்சிரிக்காங்க. எங்கட அணி, தமிழ்ல பேசினா அப்பிடியே எழுதுற மெசின் செய்யிது."

"நல்லம். மத்த அணி என்ன செய்யிது?"

"அதே மெசினத்தான் செய்யிது."

"அதே மெசினையா?"

"ஓம் வாப்பா. ஆர்ர மெசின் நல்லாயிரிக்கோ அத எடுப்பாங்க. மத்த அணியக் கலைச்சிருவாங்க."

மச்சான், நான் கூட்டுறவுச் சங்கத்தில் முகாமையாளராக இருந்து ஓய்வுபெற்றவன். எங்கள் சங்கத்தில் தவறுதலாக ஒரு கதிரைக்கு இரண்டு பேரை நியமித்தபோது, சண்டையைத் தீர்க்க மட்டக்களப்பிலிருந்து ஆள் வந்தது. இந்தக் கம்பனியோ சண்டை வரவேண்டும் என்றே இரண்டு பேரை நியமிக்கிறது. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறது. அதைவிடக் கொடுமை, எதிரணித் தலைவி யார் என்றால் செட்டிபாளையத்துப் பிள்ளை மேனுகா. நிஸ்றாவும் அவளும் முந்திக் கொழும்புக் கிளையில் ஒரே மேசையில் பகல் சோறு தின்ற கூட்டாளிகள். போட்டி தொடங்கியதும், இரண்டு அணியும் ஒன்றோடொன்று பேசக்கூடாது என்று கம்பனி கட்டளை. கொழும்பில் ஒரு கூட்டம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் ஒரே பஸ்ஸில் ஆளுக்கொரு யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

மெசினுக்குப் பேசிப் பழக்கும் பொறுப்பு எங்களுக்கு வந்தது. நான் ஒரு போனைப் பிடித்துக்கொண்டு பேசுவேன், அது எழுதும். ஆனால் நான் "ஓம்" என்று சொன்னால் அது "ஹோம்" என்று விளங்கிக்கொண்டு எல்லாவற்றையும் மூடிவிட்டு முதல் பக்கத்துக்குப் போய்விடும். மட்டக்களப்பில் பிறந்தவன் "ஓம்" சொல்லாமல் எவ்வளவு நேரம் கதைக்கலாம்? நான் "ஆம்" என்று சொல்லிப் பார்த்தேன். உங்கள் ராத்தா குசினியிலிருந்து எட்டிப் பார்த்து, "என்ன, நாடகத்துல நடிக்கப் போறீங்களா?" என்று கேட்டா.

அந்த ராத்தாவின் வாயால்தான் அடுத்தது நடந்தது. நிஸ்றாவின் போன், மெசினும் ஓடிக்கொண்டிருக்க, கம்பனிக் கூட்டத்துடன் தொடுத்தபடி மேசையில் கிடந்தது. கம்பனியில் நிஸ்றாவுக்கு மேலே ஓர் உதவித் தலைவர் இருக்கிறார். முந்திய வருடம் யாரும் வாங்காத ஒரு பழைய மெசினுக்குப் புதிதாகப் பெயர் வைத்து, இதையே வெளியிடுவோம் என்று அவர் அன்றைக்குத்தான் திட்டம் போட்டு எல்லோருக்கும் அனுப்பி, கருத்துக் கேட்டிருந்தார். அதே நேரம் வாசலில் மீன்காரர். உங்கள் ராத்தா செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தை நம் மெசின், வாழ்க்கையில் முதல் தடவையாக, ஓரெழுத்துப் பிசகாமல் எழுதி நேரே அவருக்கு அனுப்பிவிட்டது: "நேத்தைய மீனக் கழுவிக்கொண்டு வந்து இண்டைய மீன் எண்டு விக்கப் பாக்கியா? ஆருக்குக் கண் தெரியா எண்டு நினைச்ச?"

நிஸ்றா முகத்தை மூடிக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டாள். மனுஷன் அதை ஆங்கிலத்தில் மாற்றி வாசித்திருக்கிறார். பிறகு பதில் வந்தது: 'இத்தனை வருடத்தில் என்னிடம் யாரும் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. திட்டத்தைத் திரும்பப் பெறுகிறேன். நன்றி.' மச்சான், அந்தக் கிழமை முழுக்கக் கம்பனியில் ஒவ்வொரு கூட்டத்திலும் யாராவது ஒருவர், "இது நேற்றைய மீனா?" என்று கேட்டிருக்கிறார்கள். கதை மேலே மேலே ஏறி, எல்லாருக்கும் மேலே இருக்கும் தலைமை அம்மணியின் காதுக்குப் போய், தமிழ் மெசின்களின் கடைசிப் பரீட்சையைத் தானே பார்ப்பதாக அவர் சொல்லிவிட்டார்.

இனித்தான் பயம் கூடியது. தகப்பன் மனம் கேட்கவில்லை. எதிரணியின் பலம் என்ன என்று பார்க்க, யாரிடமும் சொல்லாமல் கல்முனை பஸ் ஏறிச் செட்டிபாளையத்தில் இறங்கினேன். ஓம், உளவுதான். மேனுகாவின் வீட்டு வாசலில் அவளுடைய அப்பா வினாயகமூர்த்தி ஒரு போனைப் பிடித்துக்கொண்டு, என்னைப் போலவே, அதனோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க கா, ஆரைப் பாக்க வந்தீங்க?" என்றார். மனுஷனுக்குப் பேச்சுக்குப் பேச்சு இந்தக் 'கா' வரும்.

"சும்மா... என்ட ராத்தா வீட்டுக்கு வந்த நான், வழி மாறிட்டு" என்று புளுகினேன்.

அவருடைய போன் உடனே எழுதியது: 'என்ட ராத்தல் வீட்டுக்கு வந்தது.' ராத்தாவை அந்த மெசின் பேக்கரியில் விற்கும் ஒரு ராத்தல் பாணாக்கிவிட்டது! எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். உள்ளேயிருந்து வந்த மேனுகா சிரிக்கவில்லை. "நீங்க நிஸ்றாட வாப்பாதானே? அவள்ற போன்ல உங்கட படம் கண்டிரிக்கன்" என்றாள். என் உளவு அத்தோடு சரி.

பிள்ளையின் கண் வீங்கியிருந்தது. தோற்றால் தன் அணியில் இருக்கும் பிள்ளைகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவளுக்கும் நித்திரை இல்லையாம். எங்கள் முஸ்லிம் ஆக்களின் பேச்சு வந்தால் அவளுடைய மெசின் தடுமாறுகிறது. ராத்தா, நானா, சாச்சி என்ற எங்கள் உறவுமுறை ஒன்றும் அதற்குத் தெரியாது. நான் என் போனை எடுத்து நிஸ்றாவின் மெசினை வினாயகமூர்த்தியிடம் நீட்டினேன். அவர் "என்ன கா, சொல்லு கா" என்றார். அது ஒவ்வொரு "கா"வுக்கும் ஒரு காகத்தின் படம் போட்டது.

நான் நிஸ்றாவுக்கு அழைத்து உண்மையைச் சொன்னேன். "வாப்பா! என்ன வேல பாத்திரிக்கீங்க! தெரிஞ்சா இண்டைக்கே என்ன நிப்பாட்டிருவாங்க!" என்று கத்தினாள். நான் காகத்தைப் பற்றியும் பாணைப் பற்றியும் சொன்னேன். கத்துவதை விட்டுவிட்டு, "போன மேனுகாட்டக் குடுங்க" என்றாள். இரண்டு பிள்ளைகளும் முதலில் அழுதார்கள். பிறகு பேசினார்கள், பேசினார்கள், மேனுகாவின் அம்மா இராசாத்தி அக்கா எனக்கு இரண்டாம் தேத்தண்ணியும் தந்துவிட்டா, இன்னும் பேசினார்கள்.

பரீட்சை நாள். கம்பனி இரண்டு திரையில் இரண்டு அணியை எதிர்பார்த்தது. ஒரே திரையில், எங்கள் மேல்மாடியில், நிஸ்றாவும் மேனுகாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். வேறோர் உதவித் தலைவர், இது விதிமீறல் என்றார். தலைமை அம்மணி பிள்ளைகளைப் பேசச் சொன்னார். நான் கதவுக்குப் பின்னால் நின்று துஆ ஓதினேன். மகளோடு வந்திருந்த வினாயகமூர்த்தி பிள்ளையாரைக் கூப்பிட்டார். நிஸ்றா ஆங்கிலத்தில் சொன்னதை மேனுகா பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

"எங்க ரெண்டு அணியையும் ஒண்டோட ஒண்டு ஓட விட்டீங்க. நாங்க ஓட வேண்டியது வெளியில நிக்கிற கம்பனிகளோட. ஒரு அணியக் கலைச்சா பாதித் தமிழ் போயிரும். எடுத்தா ரெண்டையும் சேத்து எடுங்க, இல்லாட்டி ரெண்டையும் விடுங்க."

பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். இரண்டு பிள்ளைகளும் ஒருவருக்கும் தெரியாமல் சேர்த்துச் செய்த மெசின் முன்னால் நானும் வினாயகமூர்த்தியும் மாறி மாறிப் பேசினோம். ராத்தா ராத்தாவாகவே வந்தா. "கா" வந்தது, காகம் வரவில்லை. கடைசியாக அவர், "நல்லா இரிக்கா?" என்று கேட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு "ஓம்" என்றேன். திரையில் 'ஓம்' என்று விழுந்தது! நான் சத்தம் போட்டு "அல்லாஹு அக்பர்" என்று தக்பீர் சொன்னேன். அதையும் எழுதியது. அம்மணி கைதட்டினார். ஒருவருக்கும் வேலை போகவில்லை. இரண்டு அணியும் ஒன்று, இரண்டு பேரும் கூட்டுத் தலைவிகள், நடுவில் இருந்த உதவித் தலைவர்கள் யாருக்கும் கீழே இல்லை, நேரே அம்மணிக்குக் கீழே.

ஆகவே மச்சான், அறிந்துகொள்ளுங்கள். பெரிய கம்பனி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும். சொன்னால் கேட்கும் தலைமை, சின்ன அணி, தைரியமான பிள்ளைகள். நிஸ்றாவின் பதவி இனி நிரந்தரம். பென்சன் இல்லாத நிரந்தரம், ஆனாலும் நிரந்தரம். கலியாண வீட்டில் சொன்னதைக் குடும்பக் குழுவில் எழுத்து மூலம் வாபஸ் பெறுங்கள். கட்டைவிரல் படம் ஏற்கப்படமாட்டாது.

உங்கள் வீட்டில் எல்லோருக்கும் எங்கள் ஸலாம். அல்லாஹ் உங்கள் வியாபாரத்தில் பறக்கத்தையும் உங்கள் வாயில் கொஞ்சம் நிதானத்தையும் தருவானாக.

இப்படிக்கு,
வெற்றிபெற்ற தகப்பன்,
அப்துல் மஜீத்.

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது மேல்மாடியிலிருந்து இரண்டு பிள்ளைகளும் சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். இரண்டு பேரும் இன்று காலை கம்பனியிலிருந்து விலகிவிட்டார்களாம். சிங்களமும் மலையகத் தமிழும் பேசினால் எழுதுகிற மெசின் செய்யச் சொந்தமாக ஒரு கம்பனி தொடங்குகிறார்களாம், காரியாலயம் எங்கள் மேல்மாடியாம். "போட்டிக்கி ஆரு?" என்று கேட்டேன். "பழைய கம்பனிதான், வாப்பா" என்றாள் நிஸ்றா. ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தேன். யோசித்துப் பார்த்தால் இதுவும் வெற்றிதான், முந்தியதைவிடப் பெரியது. கடிதத்தைத் திரும்ப எழுத வீட்டில் கடதாசி இல்லை. மேலே 'நிரந்தரம்' என்று வரும் இடங்களில் எல்லாம் 'இன்று காலை வரை' என்று வாசித்துக்கொள்ளவும்.