பத்துக்குப் பத்தில் அலைகடல்

"பத்துக்குப் பத்து அறையில அலைகடலை எங்க மாப்பிள்ளை நிறுத்துறது?"

தையல்காரர் நீட்டிய தாளைப் பார்த்ததும் அச்சகத்துக்காரருக்கு வியர்த்தது. நோட்டீஸ் கட்டின் மேல் மாதிரிக்காக ஒட்டி அனுப்பிய தாள். 'புதிய தையற்கடை திறப்பு. இன்று மாலை ஐந்து மணி.' அடியில் கொட்டை எழுத்தில், 'அலைகடலெனத் திரண்டு வாரீர்!'

கண் பரிசோதனை முகாமோ, காணாமற்போன பூனையோ, அவர் அடிக்கும் எந்த நோட்டீஸுக்கும் அதுதான் கடைசி வரி. ஊரில் அவருக்குப் பெயரே 'அலைகடல்'.

"திரள்னா பெருங்கூட்டம்னு மட்டும் இல்ல மச்சான்," என்று சமாளித்தார். "தயிர் கடையறப்போ பொடிப்பொடியா மிதக்குற வெண்ணெய் ஒண்ணா உருண்டு சேருதில்ல? அதான் திரளுறது. நாலு பேர் சேர்ந்தாலும் திரள்தான்!"

"சரி, முன்னால நிக்குற அலைகடல்?"

"அது... கைப்பழக்கம்."

"ஐந்நூறு நோட்டீஸையும் தெருத்தெருவா கொடுக்கச் சொல்லி காலையிலயே என் வீட்டுக்காரிகிட்ட கொடுத்துட்டேன்யா! முகப்பு முழுக்கக் கண்ணாடி. உடைஞ்சா என் தங்கச்சிக்கு நீயே பதில் சொல்லிக்க."

அந்தத் தங்கச்சிதான் அச்சகத்துக்காரரின் மனைவி. "எங்கண்ணன் கடையில ஒரு கீறல் விழுந்தாலும் வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

மணி பன்னிரண்டு. ஓடினார். வீடு வீடாகக் கதவைத் தட்டினார்.

"தையற்கடைத் திறப்புக்குக் கூட்டமா வந்துடாதீங்கம்மா."

"எந்தத் தையற்கடை? எத்தனை மணிக்கு?"

நோட்டீஸை யாரும் ஒழுங்காகப் படிப்பதில்லை என்று நொந்துகொண்டே, வழியும் நேரமும் விவரமாகச் சொன்னார்.

இரண்டு மணிக்குத் தெருமுனையில் பலகை வைத்தார்: 'இருபது பேருக்கு மட்டுமே இடம்.' மூன்று மணிக்குள், அந்த இருபது இடத்தைப் பிடிக்க எண்பது பேர் வரிசையில் நின்றார்கள்.

"என்ன மாப்பிள்ளை இது?"

"பொறு மச்சான்!"

ஆட்டோவில் மைக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். "திறப்பு விழாவில் இலவசமாகத் துணி தைத்துத் தரப்படும் என்பது வெறும் வதந்தி! யாரும் நம்ப வேண்டாம்!"

அப்படியொரு வதந்தி அதுவரை கிடையாது.

நாலரைக்குத் தெரு கொள்ளவில்லை. கிழிந்த தலையணை உறை, பிரிந்த பள்ளிச் சீருடை, ஒருவர் கையில் ஆறு ஜன்னல் திரை.

'சடக்!'

கண்ணாடியில் மேலிருந்து கீழாக ஒரு கீறல். அதற்கு அந்தப் பக்கம் அச்சகத்துக்காரரின் மனைவி முகம். வீட்டுச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

அவர் கடைக்குள் புகுந்து, மூலையில் துணி மூடிக் கிடந்த எதன்மேலோ பொத்தென்று உட்கார்ந்தார். "எல்லாம் அந்தப் பாழாப்போன ஒரு வரியால! இனிமே ஜென்மத்துக்கும் அடிக்க மாட்டேன்!"

கூட்டத்தைப் பிளந்துகொண்டு தையல்காரரின் மனைவி வந்தாள்.

"கொஞ்சம் எந்திரிங்கண்ணே, நோட்டீஸ் கட்டு மேல உக்காந்திருக்கீங்க. காலையிலேருந்து வேலை மேல வேலை, இன்னும் பிரிக்கக்கூட இல்ல. வந்தவங்களுக்காவது ஆளுக்கொண்ணு கொடுத்துடறேன்!"